ஒழுகாத முகம்

லோக்மான் சாச்சா தம் முகத்தைத் தேடிப் புறப்பட்டபோது மழை தூறிக்கொண்டிருந்தது. குடை பிடிக்க நான் கூடப் போனேன். ஏழாம் வகுப்போடு வீட்டில் நின்றுவிட்டவள், வாயும் திறக்காதவள் என்பதால் வெளியே சொல்லக்கூடாத வேலைகள் எல்லாம் எனக்கே வரும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஈதுக்கு வாழ்த்துச் சொல்லி சாச்சா பன்னிரண்டு ப்ளெக்ஸ் அடித்திருந்தார். மேலே அப்போதைய ஆளுங்கட்சித் தலைவர்கள் எலுமிச்சை அளவில், கீழே சாச்சா பலாப்பழ அளவில், கையை உயர்த்தியபடி. வார்டு மெம்பராகும் கனவு. ஈத் முடிந்த மறுநாள் ஒன்றுகூட மூங்கிலில் இல்லை. பிரம்மபுத்திராவின் நடுவே இருக்கும் எங்கள் மணல்தீவில் எதுவும் வீணாவதில்லை. யார் கூரை ஒழுகியதோ அங்கே சாச்சா போய்ச் சேர்ந்திருந்தார். அவருக்கும் அதில் பெருமைதான், போன வாரம் டாக்காவில் ஆட்சி கவிழும்வரை.

வெள்ளிக்கிழமை மறுகட்சிக்காரர்கள் படகில் வருகிறார்கள் என்று செய்தி. அக்கரையில் இப்படி முகம் போட்டிருந்த ஒருவரின் கடையைப் பிரித்துப் போட்டுவிட்டார்களாம். சாச்சாவுக்கும் இருப்பது ஒரே ஒரு தேநீர்க்கடை.

முதலில் கொஹினூரின் ஆட்டுக்கொட்டகை.

“அக்கா, அதைக் குடுத்துரு. வேற தார்ப்பாய் வாங்கித் தர்றேன்.”

“எப்ப?”

“மழை நின்னதும்.”

“மழை நின்னப்புறம் எனக்கெதுக்கு? ரெண்டு வருஷமா இந்த மூஞ்சிதான் என் ஆட்டை நனையாம வச்சிருக்கு. வார்டுக்கு நீ செஞ்ச ஒரே நல்லது. அதையும் பிடுங்கிட்டுப் போறியா?”

கடைசியில் பேரம் படிந்தது. திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்: முகம் உள்ளே, வெள்ளை வெளியே. நான்கு ஏற்கெனவே வெள்ளத்தோடு போயிருந்தன. மாலைக்குள் மீதி எட்டுக் கூரைகளும் வெளுத்தன. சாச்சா அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

மறுநாள், கூரையைத் திருப்பிப் போட்ட தொயாப் அலி வீட்டிலிருந்து வந்த புகாரை சாச்சி மீன்குழம்போடு பரிமாறினார்.

“அவங்க புது மருமக கட்டிலுக்கு நேர் மேல நீங்கதானாம். பெரிய மனுஷன் பார்க்குறாருன்னு ராத்திரியும் முக்காட்டை எடுக்க மாட்டேங்குறாளாம்.”

“கண்ணுக்கு மட்டும் சுண்ணாம்பு பூசச் சொல்லேன்.”

“பூசிட்டாங்க. இப்ப பேய் மாதிரி இருக்குன்னு மாப்பிள்ளையும் உள்ள போகலை.”

சாச்சா மீனில் முள்ளைத் தேடித் தேடி எடுத்தார்.

வெள்ளிக்கிழமை ஏழு பேர் வந்தார்கள். முன்னால் அவர்கள் தலைவர் ஹெலால், அகன்ற முகமும் வெள்ளைப் பஞ்சாபி ஜிப்பாவுமாக. கரையேறி நாலு அடி வைப்பதற்குள் மழை கொட்டியது.

“கடைக்குப் போயிரலாம், தேநீர் சூடா இருக்கு” என்று சாச்சா கெஞ்சினார். கடை தூரம். கொஹினூரின் கொட்டகை பக்கம். ஏழு பேரும் அதற்குள் பாய்ந்தார்கள். வேறு வழியில்லாமல் சாச்சாவும் போனார். நான் வாசலில் குடையோடு நின்றேன்.

ஓர் ஆடு தும்மியது. ஹெலால் தலையைத் துவட்டிக்கொண்டே நிமிர்ந்தார். அப்படியே நின்றார். சாச்சாவைப் பார்த்தார், மறுபடி மேலே பார்த்தார். அங்கே கையை உயர்த்திய சாச்சா, இங்கே கையைக் கட்டிய சாச்சா. பின்னால் நின்றவன் ஒருவன் தொண்டையைச் செருமினான்.

“ஒழுகலையா?” என்றார் ஹெலால்.

“ஒரு சொட்டு கிடையாது” என்றாள் கொஹினூர்.

ஹெலால் ப்ளெக்ஸின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். “நல்ல கனம். எங்க அடிச்சீங்க?”

சாச்சா கட்டிய கையை அவிழ்த்தார். “குரிகிராம் டவுன்ல… பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால.”

“வர்ற ஈதுக்கு எனக்கு இருபது வேணும். முகம் இதைவிடப் பெருசா இருக்கணும்.”

“எத்தனை அடி?” என்று கேட்டது கொஹினூர்.

அவள் ஹெலாலின் முகத்தை ஒரு காதிலிருந்து மறு காது வரை நிதானமாகப் பார்த்தாள். பிறகு முற்றத்துக்கு அப்பால், மூன்று பானைகள் மழையை ஏந்திக்கொண்டிருந்த தன் சமையலறைக் கூரையைப் பார்த்தாள்.