மேசைக்கு வந்த கணினி

எங்கள் கூடத்தில் மேசைமீது கணினித் திரை இருக்கக் கூடாது. இதை யாரும் எழுதி ஒட்டியதில்லை, வாய்விட்டுச் சொன்னதுமில்லை. ஆயினும் கெய்ரோவின் நடுவே, பழைய அச்சகம் ஒன்றின் மாடியில் வெள்ளிதோறும் கூடும் மாடுலர் சிந்தசைசர்க்காரர்கள் அனைவரும் அதற்குக் கட்டுப்பட்டிருந்தோம். குமிழைத் திருகி, வயரை மாற்றிச் செருகி, மின்சாரத்தைக் கையாலேயே சுரமாக்குவது எங்கள் பெருமை. கணினிக்காரர்கள் வந்து கேட்கலாம். வாசிக்க மேசை கிடைக்காது.

அந்த வெள்ளியன்று எங்களில் ஒருத்தியான நிவீன் தன் கணினியை மேசைக்கடியில் கறுப்புத் துணிக்குள் வைத்திருந்தாள். எனக்கு மட்டும் தெரியும். வயர்களை மேலே இழுத்துக் கொடுத்தவன் நான்.

எல்லாம் தஹானிக்காக. கல்யாண மண்டபங்களில் பாடுகிற அந்தக் குரலைத் தன் இசைக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதே நிவீனின் ஒரே ஆசை. தடையாக நின்றது ஒரு சுரம். ராஸ்த் என்கிற மகாமின், அதாவது அரபு ராகத்தின், மூன்றாம் சுரம், சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையில் நிற்பது. நிவீனின் சிந்தசைசரில் ஒலியை எழுப்பும் ஆஸிலேட்டரோ சூடேறச் சூடேற அந்த இடத்தைவிட்டு நழுவியது. போன ஒத்திகையில் தஹானி பாதியில் மைக்கைக் கீழே வைத்தாள்.

“உன் பெட்டிக்குக் காதே இல்லடி. இன்னும் ஒரு தடவ வர்றேன். அதோட சரி.”

காதைத் தேடித்தான் நிவீன் கணினியிடம் போனாள். மென்பொருள் மின்னழுத்தத்தை அனுப்பும். ஆஸிலேட்டர் அதற்கேற்ப ஒலிக்கும். ஒலித்ததை மென்பொருள் திரும்பக் கேட்டு, பிசகிய அளவுக்கு அழுத்தத்தைத் திருத்தும். முதலில் சாதாரண சவுண்ட் கார்டு வழியாக அனுப்பிப் பார்த்தோம். நிலையான அழுத்தத்தை அது வெளியே விடாது என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. சுரம் எம்பியது, உடனே வழிந்து இறங்கியது.

“வழுக்குமரம் ஏறுறவன் மாதிரில்ல இருக்கு” என்று சிரித்தேன்.

“சிரி, சிரி. நாளைக்கு நீதான் அழுத்தத்த நிலையா வெளிய விடுற நல்ல பெட்டி ஒண்ணு இரவல் வாங்கிட்டு வரப்போற” என்றாள். வாங்கி வந்தேன். சுரம் நின்றது.

வெள்ளியன்று கூடம் நிரம்பிப் புழுங்கியது. மேசைகளை ஒதுக்கித் தரும் வக்தி, நாங்கள் மரியாதையாகப் பாஷா என்று அழைப்பவர், வந்து பக்கத்தில் நின்றார்.

“என்ன இன்ஜினியரம்மா, இன்னிக்காவது அந்தப் பொண்ண முழுசாப் பாட விடுவியா?”

“நீங்க காத மட்டும் திறந்து வைங்க பாஷா.”

நிவீன் தொடங்கினாள். தாழ்ந்த ஒலி எழுந்து, படிப்படியாக ஏறி, அந்த மூன்றாம் சுரத்தில் அசையாமல் நின்றது. மூடியிருந்த கண்களைத் தஹானி திறந்தாள். பிறகு பாடினாள். குரலும் மின்சாரமும் ஒரே இடத்தைத் தொட்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது. பின்வரிசையில் யாரோ “அல்லாஹ்” என்று பெருமூச்சு விட்டார்கள். அறையின் சூடு ஏறிக்கொண்டே போயிற்று, சுரம் நகரவில்லை.

வக்தி மேசையை ஒட்டி வந்துவிட்டார். “எந்தக் கையால பண்றே இத?”

நிவீன் பதில் சொல்வதற்குள் தஹானி மைக்கை விலக்கிக் குனிந்தாள். “நல்லா வருதுடி. அடுத்த அடியில ஹிஜாஸுக்குப் போறேன். வருவியா?”

“வர்றேன்.”

ஒப்புக்கொண்ட பிறகுதான் நிவீனின் முகம் மாறியது. மகாமை மாற்ற வேண்டுமானால் மென்பொருளில் மாற்ற வேண்டும். விசைப்பலகையோ துணிக்குள் இருந்தது.

“நான் கீழ போய் மாத்தட்டுமா?” என்றேன்.

“தப்பா அமுக்கினா அவ போயிடுவா. நீ வயரப் புடி, கழண்டுடாம.”

தஹானி மறுபடி மைக்கருகே போய் ராஸ்தின் கடைசி அசையை நீட்டிப் பிடித்திருந்தாள். நிவீன் குனிந்து துணியை உருவினாள்.

“கொஞ்சம் நகருங்க பாஷா, இதுக்கு இடம் வேணும்” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லி, ஒளிர்ந்த திரையோடு கணினியைத் தூக்கி மேசையின் நடுவில் வைத்தாள். அவள் விசையை அழுத்தவும் தஹானி ஹிஜாஸில் இறங்கவும் சரியாக இருந்தது.