முப்பது போதும் என்றாள் ஆர்லிஸ்

என்னால் ஒரு இடத்தில் சும்மா இருக்க முடியாது. பெருமைக்குச் சொல்லவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம்; இந்த ஒரு குணத்துக்காகவே என்னை இரண்டு தடவை விட்டுவிட்டுப் போயிருக்கலாம் என்பாள் ஆர்லிஸ். அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். நான் இங்கே வயோமிங்கில் ஒரு தானியக் கிடங்கில் இயந்திரம் பழுது பார்க்கிறேன். வாரம் முழுக்க எங்களுக்குள் நடக்கும் பேச்சு, பால் தீர்ந்துவிட்டது, டயரில் காற்றில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி மைதானத்தில் மட்டும் கதை வேறு. அவள் பாயில் குப்புறப் படுத்துச் சுடுவாள். நான் அவள் இடது தோளருகே படுத்து, தொலைநோக்கியில் பார்த்து, குண்டு விழுந்த இடத்தைச் சொல்வேன். "அரை அடி வலது." "சரி." "காத்து அடங்கிடுச்சு, இப்ப விடு." அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் தள்ளிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பரில் கிளப் போட்டி. ஒலியைவிட மெதுவாகப் போகும் சின்னக் குண்டு மட்டுமே செல்லும். முதலில் ஐம்பது கெஜத்தில் பத்துச் சிறு தட்டுகள். கடைசியில் ஐந்நூறு கெஜத்தில் ஒரே ஒரு பெரிய தட்டு. அவ்வளவு தூரம் போவதற்குள் அந்தக் குண்டு நாற்பது அடி இறங்கிவிடும். அதற்கு ஈடாகத் துப்பாக்கிக் குழலை மேலே தூக்க வேண்டும். குழல்மேல் இருக்கும் குறிபார்க்கும் ஸ்கோப்பில் அந்த உயரத்தை வைக்கும் திருகு பாதி வழியிலேயே முடிந்து நின்றுவிடும். அதனால்தான் ஸ்கோப்புக்கு அடியில் சாய்வுத் தகடு. பின்பக்கம் தடிப்பு, முன்பக்கம் மெலிவு. சாய்வு எவ்வளவோ, அவ்வளவு தூரம் கூடுதலாக எட்டும்.

ஜூலையில் ஆர்லிஸ் முப்பது அளவுத் தகட்டை வாங்கினாள். நான் அறுபது வாங்கச் சொன்னேன்.

"முப்பது போதும்," என்றாள். "திருகு முடிஞ்சதும், ஸ்கோப்புக்குள்ள இருக்கிற கோட்டுல மூணு கோடு கீழ எறக்கிப் புடிச்சுக்குவேன்."

"எதுக்கு அந்தக் கஷ்டம்? அறுபதுன்னா நேரா குறி வச்சுச் சுடலாமே."

"சுடப்போறது யாரு? நீயா, நானா?"

ஒன்பது வாரம் அந்த மூன்று கோட்டைப் பழகினாள். ஒவ்வொரு குண்டையும் பென்சிலால் நோட்டில் எழுதினாள். ஐந்நூறில் சில நாள் பட்டது, சில நாள் படவில்லை. படாத நாளெல்லாம் நான் ஸ்குரூ டிரைவரைத் தேடினேன். அவள் பார்த்துவிட்டாள்.

"டெல்மர், போட்டி முடியிற வரைக்கும் இதத் தொட்டேன்னு வையி, என் பக்கத்துல இர்வின்தான் படுப்பாரு. சத்தியமா சொல்றேன்."

இர்வின் ஓய்வு பெற்ற தபால்காரர். காற்றைப் பார்ப்பதைவிட, போட்டிக்குப் பிறகு கிடைக்கும் மிளகாய்க் குழம்பையும் லவங்கப்பட்டைப் பன்னையும் பார்ப்பதில் கெட்டிக்காரர்.

நான் தொட்டேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் பிள்ளைகளை இறக்கிவிடப் போயிருந்தபோது, ரகசியமாக வரவழைத்து வைத்திருந்த அறுபதை மாட்டினேன். ஐந்நூறுக்குக் கணக்குப் போட்டேன், கனகச்சிதமாக வந்தது. ஐம்பதுக்குக் கணக்கே போடவில்லை. தூரத்திலேயே கண்ணாக இருந்தவனுக்குப் பக்கத்தில் இருந்தது தெரியவில்லை. இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. கழற்றிய முப்பது என் சட்டைப் பையில் இருந்தது. விரலால் அதைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

ஞாயிறு காலை மைதானத்தில், போட்டிக்கு முன் சரிபார்க்க மூன்று குண்டு சுட்டாள். மூன்றும் ஐம்பது கெஜத் தாளில் பதினைந்து அங்குலம் மேலே போயின. திருகைக் கீழே திருப்பினாள். திருகு நின்றுவிட்டது. அதற்குமேல் கீழே இறங்க இடமில்லை; சாய்வு கூடியதால் இன்னும் ஐந்து அங்குலம் மேலேதான் போகும். எழுந்து உட்கார்ந்து ஸ்கோப்பின் அடியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எது மாட்டியிருக்க?"

"அறுபது."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கத்தவில்லை.

"பழசு இங்கதான் இருக்கு," என்று பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். "இருபது நிமிஷம் குடு, மாத்திடறேன்."

"மாத்திட்டு மறுபடி சரிபாக்க எங்க நேரம்? விடு." மைதானத்தின் மறுபக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "இர்வின்! என் பக்கத்துல வந்து படுக்கறீங்களா?"

இர்வின் காபிக் கோப்பையோடு வந்தார். "ஏன், இவனுக்கு என்னம்மா?"

"இவருக்குக் கையரிப்பு."

"அது ரொம்ப நாளாவே இருக்கே," என்று சொல்லிவிட்டு, என் இடத்தில் மெல்ல மண்டியிட்டுப் படுத்தார்.

நான் கயிற்றுக்குப் பின்னால் நின்றேன். ஐம்பது கெஜத்தில் ஆர்லிஸ் இதுவரை ஒரு தட்டையும் தவறவிட்டவள் இல்லை. அன்று ஒவ்வொரு தட்டுக்கும் ஐந்து அங்குலம் கீழே, வெறும் மண்ணைப் பார்த்துக் குறிவைக்க வேண்டியிருந்தது. பத்தில் நான்கு தவறிப்போயிற்று. ஒவ்வொன்று தவறும்போதும் நாலடி இந்தப் பக்கம், நாலடி அந்தப் பக்கம் நடந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், "பிரசவ வார்டு வாசலாய்யா இது, ஒரு இடத்துல நில்லு," என்றாள்.

கடைசியில் ஐந்நூறு. ஐந்து குண்டுக்குள் ஒன்று பட்டால் போதும். குண்டு ஏற்கெனவே மேலே போவதால், ஆர்லிஸ் நோட்டில் இருந்த திருகு எண்ணில் பத்தைக் கழித்து மணிக்கட்டில் எழுதிக்கொண்டாள். மூன்று கோடு தேவைப்படவில்லை. திருகிலேயே முழுக்க எட்டியது. நான் சொன்னது சரிதான். அந்த எண்ணம் வந்ததும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

முதல் குண்டு இடதில் விழுந்தது. என் பைனாகுலரில் புழுதி தெரிந்தது. இரண்டாவதும் இடதுதான். வயோமிங் காற்று அங்கே புல்லைப் படுக்கப் போட்டிருந்தது; இர்வின் இங்கே கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'வலதுல ரெண்டடி வையி' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பக்கத்தில் படுத்திருப்பவரைத் தவிர வேறு யார் வாயைத் திறந்தாலும் சுடுபவரின் புள்ளிகள் அடிபட்டுப் போகும். கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவதும் இடது. இர்வின் ஏதோ முணுமுணுத்தார். அவள் தலையாட்டவில்லை, தானாகவே புல்லைப் பார்த்தாள், குறியை வலதில் தள்ளிப் பிடித்தாள், விட்டாள். இரண்டு விநாடி. தட்டின் மேலிருந்த சிவப்பு விளக்கு மின்னியது.

எல்லாரும் கைதட்டினார்கள். ஆர்லிஸ் சிரித்துக்கொண்டே இர்வினின் முதுகில் ஓங்கித் தட்டினாள். இருபத்தாறு வருஷமாக என் முதுகில் விழுந்த அடி அது.

குழம்பு எனக்கு இறங்கவில்லை. வண்டியின் பின்கதவைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். துப்பாக்கியை வைக்க அவள் வந்தாள்.

"பட்டுச்சே," என்றேன்.

"பட்டுச்சு. ஒம்போது வாரம் நான் பழகினது ஒண்ணு, பட்டது வேற ஒண்ணு. உன் கணக்கு பட்டுச்சு. எனக்கு அது வேணுமான்னு ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவ."

"ஆமா. சொல்லுவேன். அதுக்குத்தான் கேக்கறது."

பையில் இருந்த முப்பதை என் விரல் மறுபடி தடவத் தொடங்கியது. எடுத்து நீட்டினேன்.

"அடுத்த வாரம் யாரு பக்கத்துல?" என்று கேட்டேன்.

அவள் அந்தத் தகட்டை வாங்கினாள். என் கைச்சூடு அதில் இருந்திருக்க வேண்டும். ஒரு நொடி அதை உள்ளங்கையில் வைத்திருந்தாள். பிறகு தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினாள்.

"நான் எடுத்துக் குடுக்கறப்ப மாட்டு. என் கண்ணு முன்னாடி மாட்டு. யாரு பக்கத்துலன்னு அப்புறம் சொல்றேன்."