சந்தலிக்கு அடியில் பேட்டரி

மணவாழ்க்கை முறிந்து, ஆறு வயது மகள் அனிசாவோடு பிறந்த ஊரான பஞ்சகென்டுக்குத் திரும்பி வந்த மவ்சுனாவை அண்ணன் ஷோத்மோன் வாசலில் நிறுத்தி வைக்கவில்லை. நிறுத்தியிருந்தால் தெருவே காறித் துப்பியிருக்கும். முற்றத்து மூலையில் உருளைக்கிழங்கு கொட்டி வைத்திருந்த அறையைக் காலி செய்து கொடுத்தான். கொடுத்ததை ஒரு நாளைக்கு இரண்டு தடவை சொல்லியும் காட்டினான். அண்ணி சபோஹத் சொல்லிக்காட்டும் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. பாத்திரங்களை டமார் டமார் என்று வைத்தே தன் மனதைத் தெரிவித்துவிடுவாள்.

மாஸ்கோ சுரங்கப்பாதைக் கடை ஒன்றில் ஏழு வருடம் செல்போன் பழுது பார்த்தவள் மவ்சுனா. இங்கேயும் அதைச் செய்யலாம், கரண்ட் இருந்தால். குளிர்காலத்தில் காலை ஐந்திலிருந்து எட்டு, மாலை ஐந்திலிருந்து பத்து, அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் சாலிடரிங் அயர்ன் வெறும் கம்பி. அதனால் பழைய லேப்டாப் பேட்டரிகளைப் பிரித்து, உள்ளிருந்த செல்களை எடுத்து, தனக்கென்று ஒரு பெரிய பேட்டரி கட்ட உட்கார்ந்தாள்.

தங்கை வீட்டில் குண்டு செய்கிறாள் என்று ஷோத்மோன் டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். வந்த கையோடு அவள் அறை வாசலில் நின்றான்.

"நல்லாக் கேட்டுக்க. அந்தப் பெட்டியால என்னைக்கு இந்த வீட்டுல புகை வருதோ, அன்னைக்கு நீயும் உன் பொண்ணும் மூட்டையக் கட்டணும். ரொட்டி மேல சத்தியம்."

மவ்சுனாவுக்கு இதை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. அது அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னான்.

அன்றிலிருந்து அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை செய்தாள். ஒவ்வொரு செல்லையும் முழுக்க ஏற்றி, இரண்டு வாரம் சும்மா வைத்து, தானாக இறங்கியதையெல்லாம் ஒதுக்கினாள். ஒரே அளவு சார்ஜ் பிடிப்பவற்றை மட்டும் சேர்த்தாள். செல்லின் தலையில் காப்புக் காகித வளையம், மேலே நிக்கல் பட்டை, வெளியே போகும் ஒயரில் ஃபியூஸ். அளவுக்கு மேல் ஏறினாலும், சூடானாலும், குளிர்ந்தாலும் சார்ஜை நிறுத்திவிடும் போர்டு ஒன்றையும் வைத்தாள். அவ்வளவும் செய்துவிட்டும் சார்ஜ் போட அதை வீட்டுக்குள் கொண்டு போகவில்லை. முற்றத்தில் விரிசல் விட்டுக் கிடந்த தந்தூர் அடுப்புக்குள் இறக்கி, பக்கத்தில் மணல் வாளியோடு முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். தீப்பிடித்தாலும் களிமண் சுவருக்குள்ளேயே முடிந்துவிடும். ஊரே அடுப்பில் ரொட்டி போடும்போது தன் தங்கை கரண்ட் போடுகிறாள் என்று ஷோத்மோன் சிரித்தான். சிரித்தவன் அதே பேட்டரியில்தான் மத்தியானம் டி.வி. பார்த்தான். வெட்கம் என்பது அந்த மனுஷனுக்குக் கிடையாது.

ஜனவரியில் குளிர் இறங்கி அடித்தது. பூஜ்ஜியத்துக்குக் கீழே போர்டு சார்ஜை ஏற்கவில்லை, சிவப்பு விளக்கு எரிந்தது. ஷோத்மோன் கேட்டபோது, "அதுக்குக் குளிருதுண்ணே, இப்ப ஏறாது. குளிர் குறையட்டும்" என்றாள் மவ்சுனா. அவன் காதில் அதன் முதல் பாதி மட்டும் விழுந்தது.

குளிருதா, சந்தலிக்கு அடியில் வை. அந்த ஊரில் அவ்வளவுதான். குழியில் தணல் சட்டி, மேலே குட்டை மேஜை, அதன்மேல் மெத்தைப் போர்வை. ஈரக் காலுறை, பிசைந்த மாவு, அப்போதுதான் பிறந்த ஆட்டுக்குட்டி, எல்லாம் அங்கேதான் போகும். குடும்பமே கால்களை அதற்குள் நீட்டிக்கொண்டுதான் தூங்கும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு டி.வி.யில் மல்யுத்தம். எட்டு மணிக்குக் கரண்ட் போய்விடும். ஆறரைக்கு மவ்சுனா ரொட்டிக் கடைக்குக் கிளம்பியதும் ஷோத்மோன் தந்தூரைத் திறந்தான்.

அவள் திரும்பி வந்து வீட்டுக் கதவைத் தள்ளியபோதே நகச்சாயம் மாதிரி ஒரு இனிப்பு வாடை மூக்கில் ஏறியது. மாஸ்கோ கடையில் ஒருமுறை முகர்ந்திருக்கிறாள், செல் வெடிப்பதற்கு முன்னால். போர்வைக்கு அடியிலிருந்து ஒரு ஒயர் சுவர்ப் பக்கம் ஓடியது. அனிசாவும் அண்ணியின் இரண்டு பெண்களும் அதற்குள்தான் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ரொட்டி எங்கே விழுந்தது என்று தெரியாது. கையில் அகப்பட்ட கால்களையெல்லாம் பிடித்து இழுத்து மூன்று பெண்களையும் வெளியே தள்ளினாள். ஒயரைப் பிடுங்கினாள், போர்வையை வீசி எறிந்தாள். தணல் சட்டியை ஒட்டி வைத்திருந்த பக்கம் உறை உருகி, சீறிக்கொண்டு வெள்ளைப் புகை கிளம்பியது. போர்டு சார்ஜை நிறுத்தும். நெருப்பை யார் நிறுத்துவது? கரி அள்ளும் தட்டால் அதைக் கோரி எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடித் தந்தூருக்குள் போட்டாள். உள்ளே விழுந்த பிறகு ஆள் உயரத்துக்கு ஒரு தீ எழுந்தது. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். இடது உள்ளங்கை வெந்து போயிருந்தது.

அதற்குள் வாசலில் அக்கம்பக்கம் கூடிவிட்டது. ஷோத்மோன் குரலை உயர்த்தினான்.

"பாத்தீங்களா எல்லாரும்? பிள்ளைங்களக் கொல்லப் பாத்தா. அன்னைக்கே சொன்னேன். மூட்டையக் கட்டு."

"உள்ள கொண்டுபோனது யாருண்ணே?"

"நீதான் குளிருதுன்ன. நீதான் வச்சிருப்ப."

கண்ணைப் பார்த்தே சொன்னான். கூட்டத்தில் ஒரு கிழவர் தலையை ஆட்டினார். குண்டு செய்கிறவள் என்று முன்பே கேள்விப்பட்டவர்தான் அவரும். மவ்சுனாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது, ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது? அறைக்குள் போய், ஒற்றைக் கையால் அனிசாவின் துணிகளைச் சின்னப் போர்வை ஒன்றில் போட்டுக் கட்டினாள். மூட்டையோடு அவள் வெளியே வந்தபோது சபோஹத் முற்றத்தின் நடுவில் நின்றிருந்தாள்.

"அவ வைக்கல," என்றாள் சபோஹத் கணவனிடம். "நீங்கதான் வச்சீங்க. நான் அடுப்படியிலேருந்து பாத்தேன்."

"நீ வாய மூடு."

"மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். ஏதாவது ஆகட்டும், இவ ஒழியட்டும்னுதான் பாத்துட்டும் பேசாம இருந்தேன். என் பிள்ளைங்க கால் அதுக்குள்ள இருக்கறதுகூட எனக்குத் தோணல." அவள் வாசலைக் கை காட்டினாள். "புகைய உண்டாக்குனவங்கதான வெளிய போகணும்? போங்க."

ஷோத்மோன் சிரிக்கப் பார்த்தான். வாசலில் யாரும் கூடச் சிரிக்கவில்லை. தொப்பியைக்கூட எடுக்காமல், கூட்டத்தை விலக்கிக்கொண்டு பனியில் இறங்கிப் போனான்.

சபோஹத் மூட்டையை மவ்சுனாவின் கையிலிருந்து பிடுங்கி அறை வாசலில் போட்டாள்.

"அப்படிப் பாக்காத. உன்ன எனக்கு நேத்தும் பிடிக்கல, இன்னைக்கும் பிடிக்கல. கையக் காட்டு."

மவ்சுனா நன்றி சொல்லவில்லை. அவ்வளவையும் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தவளுக்கு நன்றி சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. ஆனாலும் கையை நீட்டினாள்.