கரடியூர்க் கொட்டகையில் பிடுங்கிய பிளக்

என் கணவர் ஜீவா செத்த பிறகு, அவர் கடைசியாகச் செய்த வேலை கரடியூர்க் கொட்டகையில் ஒரு சிப்புக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

வானத்திலிருந்து விழும் மியூவான் என்ற நுண்துகள்களைப் பிடிக்கிற ஆராய்ச்சிக் கருவியின் சிப் அது. நொடிக்குப் பல்லாயிரம் துடிப்புகள் வரும். எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்று கண்ணிமைப்பதற்குள் சிப் முடிவுசெய்யும். எறிந்தது எறிந்ததுதான். இடி நேரத்தில் வருவதையெல்லாம் இரைச்சலென்று எறிந்தார்கள். அதிலிருந்து உண்மையானதைப் பிரிக்க ஜீவா புதிதாக நிரல் எழுதிச் சிப்பில் ஏற்றியிருந்தார். மின்சாரம் நின்றால் அது அழிந்து பழையது வந்துவிடும். மழைக்காலம் முழுக்கச் சோதித்துவிட்டு நிரந்தரமாகப் பதியலாம் என்றிருந்தார். அதற்குள் மஞ்சக்குட்டை வளைவில் ஜீப் உருண்டது. அந்த நிரலின் மூலப்பிரதி இருந்த லேப்டாப்பும் அவரோடு நொறுங்கிப்போனது.

"அவரு சிநேகிதர் ஆசிர் பெங்களூர்லிருந்து வந்து அதை வெளிய எடுக்கற வரைக்கும் கரண்டை நிறுத்தாதீங்க" என்று திட்டத் தலைவர் வெங்கடாசலத்திடம் கெஞ்சினேன்.

"யூபிஎஸ் இருக்குதும்மா. நீங்க படத்திறப்புக்கு வாங்க, போதும்."

படத்திறப்பன்று கொட்டகை வாசலில் மைக் வைத்து, "ஜீவா ஏற்றிய விளக்கு அணையாது" என்று வெங்கடாசலம் முழங்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் வந்துசேர்ந்த ஆசிர் உள்ளே போய்விட்டு முகம் செத்துத் திரும்பினார்.

"அக்கா, யூபிஎஸ்ல மைக்செட்டைச் சொருகியிருக்காங்க. சிப்போட பிளக்கைப் பிடுங்கி வேற இடத்துல மாட்டியிருக்காங்க. பழசுதான் ஓடுது."

மைக்செட் பெரியண்ணன் பதறினார். "ஏனுங்க, சாருதானுங்க அதுல சொருகச் சொன்னாரு. கரண்டு போனாலும் பேச்சு நிக்கக்கூடாதுன்னாருங்க."

நான் நேராக முன்னால் போய் நின்றேன். வெங்கடாசலம் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார்.

"ஒரு நிமிசந்தாம்மா பிடுங்குனது. பாருங்க, பச்சை லைட் எரியுது."

"உங்க பேச்சு நிக்காம இருக்க என் ஊட்டுக்காரரு வேலையை அழிச்சுப்போட்டீங்க. கையை எடுங்க. இதை மைக்குல சொல்லுங்க."

"எல்லாரும் பாக்கறாங்கம்மா. நாளைக்கு ஆபீசுல பேசிக்கலாம்."

"பாக்கட்டுங்க. மாலை மட்டும் நொம்பப் பெருசா வாங்கியிருக்கீங்க!"

அவர் கையை எடுக்கவில்லை. விரல்களைப் பிரித்துத் தள்ளிவிட்டு மைக்கைப் பிடுங்கினேன். கெஞ்சியதிலிருந்து ஆரம்பித்தேன். பிளக் வரை வந்ததும் அவர் சட்டென்று கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"இப்ப மௌன அஞ்சலிங்க. எல்லாரும் எந்திரிங்க."

நாற்காலிகள் கிரீச்சிட்டன.

"உக்காருங்க" என்றேன். "நான் இன்னும் முடிக்கலை."