ஏழாம் பக்கத்தில் எறும்புகள்

1

இந்தக் கதை ஒரு மின்சாரக் கட்டணக் கடித உறையின் பின்பக்கத்தில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பிரெஞ்சுத் தலைநகரின் புறநகரான செவ்ரானில் மூன்றாம் மாடி வீடு. அற்புதராணி தலைக்கு டை பூசி, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு குசினிக் கதிரையில் அமர்ந்திருந்தாள். முப்பது நிமிடம் ஊறவேண்டும். கையுறையெல்லாம் கறுப்பு. தொலைபேசியைத் தொட முடியாது.

"இஞ்சேருங்கோ, ஒரு பேனை எடுங்கோ. இந்த வருசத்துச் சீசனைப் பற்றி நான் சொல்லுறதை எழுதுங்கோ."

"குறூப்பில வொய்ஸ் போடுறதுதானே?"

"வொய்ஸ் போட்டால் பிறகு நான் மாத்திச் சொன்னனான் எண்டுவாங்கள். எழுதினால் எழுதினதுதான். நீங்கள்தானே வீட்டில எழுத்தாளர்."

எழுத்தாளர் என்றது பகிடிக்கு. அவள் கணவர் பத்திநாதர், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையில் முப்பது வருடமாக வேலை செய்பவர். தெரிந்தவர்கள் வீட்டுச் சாவுக்கு நன்றி நவிலல் எழுதிக் கொடுப்பார், அவ்வளவுதான். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். அவள் எழுந்துபோய்த் தலையைக் கழுவினாள். பின்னேரம் நாலே காலுக்கு அவள்

[அந்த வசனத்தை அப்படியே விட்டுவிடுகிறேன். மூளையில் இரத்தக்கசிவு, மறுநாள் விடிய ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது.]

அந்தப் பத்திநாதர் நான்தான். 'நான்' என்று மூன்று தடவை தொடங்கிப் பார்த்தேன். மூன்றும் நாலாவது வரியில் நின்றுவிட்டன. 'அவர்' என்று எழுதினால் அந்த மனிதரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திப் பார்க்க முடிகிறது. தேவைப்பட்டால் ஏசவும் முடிகிறது. ஏசவேண்டி வரும். ஆகவே இனி அவர்.

2

இது கூடைப்பந்தாட்டக் கதை. பயப்படவேண்டாம், எழுதுகிறவருக்கே விளையாட்டுத் தெரியாது. இவ்வளவு தெரிந்தால் போதும்: அமெரிக்காவில் இரண்டு சீசன்கள் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. ஒன்று கல்லூரிப் பிள்ளைகளுடையது. கடைசிக் கட்டத்தில் அறுபத்தெட்டு அணிகள், ஒருமுறை தோற்றால் வீடு. மற்றது தொழில்முறைக்காரருடையது, எண்பத்திரண்டு ஆட்டங்கள், அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றும் ஏழு ஆட்டத் தொடர், முதலில் நாலு வெல்பவர் மேலே.

அற்புதராணி இதைத் தொலைக்காட்சியில் கற்கவில்லை. ஒபர்வில்லியேயில் ஒரு ஜிம்னாசில், அதாவது நகரசபை விளையாட்டு மண்டபத்தில், இருபத்தொரு வருடம் தரை துடைத்தாள். பிள்ளைகள் பயிற்சி முடித்துப் போனபின் சப்பாத்துகள் விட்ட கறுப்புக் கோடுகளைப் பார்த்தே யார் எப்படி விளையாடினார்கள் என்று சொல்வாள். எதிராளியின் கூடைக்குக் கீழே மட்டும் கோடுகள் நிறைந்திருந்தால், அந்த அணி தன் கூடையைக் காக்கத் திரும்பி ஓடவில்லை என்று பொருள். "திரும்பி ஓடாதவன் வெல்லமாட்டான்" என்பது அவளுடைய முதலாவது சட்டம். அமெரிக்க ஆட்டங்களைப் பிறகுதான் பார்க்கத் தொடங்கினாள். அங்கேயும் தரையைத்தான் பார்த்தாள்.

உறையில் இருந்ததை ஒரு சொல்லும் மாற்றாமல் தருகிறேன்:

"கல்லூரிக் கிண்ணம் எறும்புகளுக்கு. உயரமான ஒருத்தனும் இல்லை, ஆனால் அஞ்சு பேரும் திரும்பி ஓடுவினம். மாப்பிள்ளையள் முதல் சுற்றோட வீட்டை போவினம். மூண்டு பேருக்கும் பந்து தங்கட கைக்கு வரவேணும், அதுக்குள்ள இருபது ஆட்டத்துக்கு ஓய்வு வேற. எனக்கு ஆர் ஓய்வு தந்தது? தொழில்முறைக் கிண்ணம் குசினிக்காரருக்கு. அவையளின்ர முகம் ஒருத்தருக்கும் தெரியாது, ஆனால் சாப்பாடு நேரத்துக்கு மேசைக்கு வரும். இப்ப எல்லாரும் தூர நிண்டு எறியினம், கிட்டப் போகப் பஞ்சி. கல்லூரிப் பிள்ளையளுக்கும் இப்ப காசு வருகுது எண்டுறாங்கள். வரட்டும். தோத்தால் இன்னும் அழுகினம்தானே, அது காணும்."

(அடிக்குறிப்பு போன்ற ஒன்று: எறும்புகள், மாப்பிள்ளைகள், குசினிக்காரர் மூன்றும் அவள் அணிகளுக்கு வைத்த பட்டப்பெயர்கள்; முதலாவது கல்லூரி அணி, மற்ற இரண்டும் தொழில்முறை. பஞ்சி என்றால் சோம்பல், காணும் என்றால் போதும். உண்மைப் பெயர்களை எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் இப்போதே கைபேசியில் முடிவைத் தேடுவீர்கள். தேடினாலும் கிடைக்காது, இது கதை.)

இந்தக் கருத்துகளை அவள் வழமையாகச் சொல்லும் இடம் 'பந்தும் கூடையும்' என்ற வாட்ஸ்அப் குழு. நாற்பத்தொரு ஆண்கள், அவள் ஒருத்தி. குழுவை நடத்துபவன் அவளுடைய தம்பி செசில். லா சப்பலில் சலூன் வைத்திருக்கிறான். சுவரில் மாப்பிள்ளைகள் அணியின் ஆளுயரப் படம். அவள் குரல் பதிவு போட்டால் சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்து விழும். செசிலே ஒருமுறை எழுதினான்: "அக்கா, தரை துடைக்கிறதும் பந்து விளையாடுறதும் ஒண்டே?"

அவள் பதில் எழுதவில்லை. பத்திநாதரும் எழுதவில்லை. [முதலாவது ஏச்சு இங்கே.]

3

இறந்து முப்பத்தோராம் நாள், தேவாலயத்துப் பூசைக்கு நினைவு மலர் அடிக்கவேண்டும். ஜெகதீஸ்வரியின் அச்சகம் அவர் வேலை செய்யும் கடைக்கு நாலு கடை தள்ளி. அவளுக்கு அந்த வகைப் புத்தகம் மனப்பாடம்: முதல் பக்கம் படம், பிறகு செபங்கள், வாழ்க்கைக் குறிப்பு, வம்சம், அதற்குப் பிறகு ஆளாளுக்குப் புலம்பல். பிள்ளைகள் புலம்பல், சகோதரர் புலம்பல், மருமக்கள் புலம்பல். ஏழாம் பக்கம் கணவருக்கு.

அங்கே என்ன நடந்தது என்பதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு.

(அ) கண் கலங்கியிருந்த பத்திநாதர் பையிலிருந்து தவறான தாளை எடுத்துக் கொடுத்துவிட்டார். அச்சகமும் கவனிக்கவில்லை. ஊருக்குச் சொன்ன வடிவம் இது.

(ஆ) "அண்ணை, ஏழாம் பக்கம் மட்டும் வெறுமையாக் கிடக்கு" என்றாள் ஜெகதீஸ்வரி. "எழுதேலாட்டில் என்னட்டை ரெடியா இருக்கு. நாலாம் நம்பர் நல்லாப் போகுது. பேரை மட்டும் மாத்தினால் சரி."

அவர் நாலாம் நம்பரை வாசித்தார். அதில் இருந்த மனைவி ஒளிவிளக்காக இருந்தாள், குலவிளக்காக இருந்தாள், கடைசியில் அணைந்தும் போனாள். ஓரிடத்தில்கூட வாய் திறந்து ஒரு கருத்துச் சொல்லவில்லை. பத்திநாதர் பையைத் திறந்து உறையை எடுத்தார்.

"இதைப் போடுங்கோ."

ஜெகதீஸ்வரி வாசித்தாள். "அண்ணை, மாப்பிள்ளையள் வீட்டை போறதெண்டு கிடக்கு. குடும்பத்துக்குள்ள ஏதும் பிரச்சினையோ?"

"இல்லை. பாஸ்கெட் போல்."

"கோயிலில குடுக்கிற புத்தகமண்ணை."

"தெரியும்."

"அப்ப தலைப்பு?"

"கணவர் புலம்பல் எண்டே இருக்கட்டும்."

நடந்தது (ஆ). இதை முதல்முதலாக எழுத்தில் உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

4

இருநூறு பிரதிகள். பூசை முடிந்து நூற்று நாற்பது கைமாறியது. பக்கத்து மண்டபத்தில் தேநீரும் வாய்ப்பனும் கொடுத்துக்கொண்டிருக்கையில் தாள் புரளும் சத்தம், பிறகு அடக்கிய சிரிப்பு. செசில் புத்தகத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"அத்தான், என்ன இது?"

"அச்சுப்பிழை" என்றார் பத்திநாதர்.

[இங்கே எனக்கு இந்த மனிதரைப் பிடிக்கவில்லை. அந்த வசனத்தை வெட்டி, "நான்தான் போட்டேன்" என்று துணிச்சலாக எழுதிப் பார்த்தேன். வாசிக்க நன்றாக இருந்தது. பொய்யாகவும் இருந்தது. திரும்ப ஒட்டிவிட்டேன்.]

அடுத்த வாரம் செசில் ஒட்டுத்தாள்கள் கொண்டுவந்தான். ஏழாம் பக்கத்தின் அளவுக்கே வெட்டிய, செபம் அச்சிட்ட அறுபது தாள்கள்.

"மிச்சம் அறுபதுக்கும் இதை ஒட்டிப்போட்டுத்தான் கனடாவுக்கும் மன்னாருக்கும் அனுப்பவேணும். எறும்பு தோத்தால் என்ன நடக்கும் சொல்லுங்கோ? செத்தாப்பிறகும் அக்காவைப் பார்த்துச் சனம் சிரிக்கும்."

முதல் வரைவில் செசிலை நான் கெட்டவனாக எழுதியிருந்தேன். அது சரிவரவில்லை. சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கியவன் அவன். அக்கா கடைசியாகப் பூசிய தலை டை தன் சலூனிலிருந்து போனது என்று சொல்லிச் சொல்லி அழுதவனும் அவன். அவன் பயந்தது அவளுக்காகத்தான். சிரிக்கிறவனைப் பார்த்து நிறுத்து என்று சொல்வது இலகு. அன்பால் மூட வருகிறவனை நிறுத்துவதுதான்

[முடிக்கவில்லை. போதனை போலப் போகிறது.]

5

மார்ச் வந்தது. எறும்புகள் முதல் ஆட்டத்தை வென்றன. இரண்டாவதையும் வென்றன. யாரோ ஒருவன் ஏழாம் பக்கத்தைப் படமெடுத்துக் குழுவில் போட்டு, கீழே 'கணவர் புலம்பல் 2, நிபுணர்கள் 0' என்று எழுதினான். சிரிக்கும் முகங்கள் வந்தன, ஆனால் முன்னையைவிடக் குறைவு. மூன்றாவது, நாலாவது ஆட்டங்களையும் எறும்புகள் வென்றன. ஐந்தாவதில் மேலதிக நேரத்தில் தப்பினார்கள். இறுதி ஆட்டம் திங்கட்கிழமை அமெரிக்க இரவில்; இங்கே செவ்வாய் விடியப்புறம்.

திங்கட்கிழமை பத்திநாதர் அரைநாள் லீவு எடுத்தார். மேசையில் அறுபது புத்தகங்கள், அறுபது ஒட்டுத்தாள்கள். எறும்புகள் தோற்றால் அவள் பிழைத்தது அச்சிலேயே நிற்கும், மன்னாரில், ரொறன்ரோவில், அவள் பெயருக்குக் கீழே. ஒட்டினால் யாரும் சிரிக்கமாட்டார்கள். யாரும் அவள் பேசியதைக் கேட்கவும்மாட்டார்கள்.

ஒட்டவில்லை. பொதி செய்து தபாலகத்தில் கொடுத்துவிட்டு வந்தார். [ரசீதில் நேரம் 16:12. பந்து மேலே எறியப்பட இன்னும் பத்து மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. முடிவு தெரிந்த பிறகுதான் அனுப்பியிருப்பார் என்று நினைக்கிறவர்கள் நினைக்கலாம். நாலாம் பகுதியை வாசித்த பிறகு அப்படிச் சந்தேகிக்க உங்களுக்கு உரிமை உண்டு.]

6

செவ்வாய் காலை பத்து மணி. செசிலின் சலூனில் ஒரு விதி உண்டு: மறு ஒளிபரப்பு முடியும்வரை முடிவு தெரிந்தவன் வாய் திறக்கக்கூடாது. கதிரையில் இராயப்பு என்ற வாடிக்கையாளர், பாதித் தலை வெட்டியபடி. ஓரத்து வாங்குப் பலகையில் பத்திநாதர். ஒருவருக்கும் முடிவு தெரியாது.

"அத்தான், ஒட்டியாச்சோ?"

"இல்லை. நேற்றே அனுப்பிட்டன்."

"ஒட்டாமலோ? அச்சுப்பிழையை உலகம் முழுக்க அனுப்பியிருக்கிறியள்!"

"அச்சுப்பிழை இல்லை, செசில். ஜெகதீஸ்வரியில ஒரு பிழையும் இல்லை. நான்தான் போடச் சொன்னனான்."

கத்தரிக்கோல் நின்றது.

"தம்பி," என்றார் இராயப்பு, "சண்டையைப் பிடி. என்ர காதை விட்டிட்டுப் பிடி."

செசில் ஒளிபரப்பைப் போட்டான். எதிரணிக்கு அவள் பெயர் வைக்கவில்லை. நெட்டையர் என்று வைத்துக்கொள்கிறேன். இடைவேளையில் எறும்புகள் ஒன்பது புள்ளி பின்னால். செசில் திரும்பிப் பார்த்த பார்வையை எழுத விரும்பவில்லை. பிறகு ஒவ்வொன்றாகக் குறைந்தது. ஏழு. மூன்று. சமம். கடைசி இருபது செக்கனில் எறும்புகள் ஒரு புள்ளி முன்னால், பந்தும் அவர்கள் கையில்.

அவர்களில் ஒருவன் தூர நின்று எறிந்தான். தவறியது.

"கிட்டப் போகப் பஞ்சி!" என்று கத்தியது பத்திநாதர். தன் வாயிலிருந்துதான் வந்தது என்று அவருக்கே பிறகுதான் விளங்கியது.

நெட்டையன் ஒருவன் பந்தைப் பறித்துக்கொண்டு மறுபக்கம் பாய்ந்தான். தனியே போய்ப் போடவேண்டியதுதான். போய்ச் சேர்ந்தபோது அங்கே ஐந்து பேர் நின்றார்கள். ஐந்து பேரும். எறிந்து தவறவிட்டவனும் நின்றான். நெட்டையன் பின்னால் வந்த கூட்டாளிக்குப் பந்தைத் தள்ளினான், குறுக்கே ஒரு குட்டையான கை, பந்து தரையில் உருண்டது, மணி அடித்தது.

"ஓடினவங்கள்!" செசில் கத்தரிக்கோலை உயர்த்திக்கொண்டு துள்ளினான். "அத்தான், அஞ்சு பேரும் திரும்பி ஓடினவங்கள்! அக்கா சொன்னவ! அக்கா சொன்னவ!"

"நானும் பாத்தனான்" என்றார் இராயப்பு. "மற்றப் பக்கத்தையும் வெட்டிவிட்டால் நானும் துள்ளலாம்."

அன்று மத்தியானம் செசில் குழுவில் ஏழாம் பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தன் குரலில் வாசித்துப் போட்டான். "தரை துடைச்சவ சொன்னது" என்று முடித்தான். சிரிக்கும் முகம் ஒன்றும் வரவில்லை. புத்தகம் கேட்டு முப்பத்திரண்டு பேர் எழுதினார்கள். கையிருப்பில் ஒன்றும் இல்லை.

"நினைவு மலருக்கு இரண்டாம் பதிப்போ?" என்றாள் ஜெகதீஸ்வரி. "என்ர கடையில இப்பிடி ஒண்டு நடந்ததில்லை அண்ணை. நாலாம் நம்பரை இனி ஆர் வாங்கப்போகினம்?"

7

மே மாதம் மாப்பிள்ளைகள் முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போனார்கள். ஒரே ஒரு ஆட்டம்தான் வென்றார்கள். மறுநாள் சலூன் சுவர்ப் படத்தில் அந்த அணியின் மூன்று நட்சத்திரங்களின் முகத்திலும் ஆளுக்கொரு ஒட்டுத்தாள், செபத்தோடு.

இப்போது சூன். குசினிக்காரர் இறுதித் தொடரில் நிற்கிறார்கள். மூன்றுக்கு மூன்று. ஏழாவது ஆட்டம் நாளைக்கு. முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர்கள் வெல்கிறார்கள், குழு முழுவதும் செவ்ரானுக்கு வருகிறது. இன்னொன்றில் தோற்கிறார்கள், செசில் "மூண்டில ரெண்டு சரியெண்டால் எந்த நிபுணனும் பெட்டி கட்டோணும்" என்கிறான். இரண்டையும் கிழித்துவிட்டேன். நீங்கள் வாசிக்கும்போது அது நடந்து முடிந்திருக்கும். விரும்பிய முடிவை நீங்களே இங்கே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குச் சொல்லவேண்டாம்.

இன்று பின்னேரம் இரண்டாம் பதிப்பில் ஒன்றை ஒபர்வில்லியே ஜிம்னாசுக்குக் கொண்டுபோனேன். (இந்த ஒருமுறை 'நான்' என்று எழுதுகிறேன், வசனம் நிற்கவில்லை.) மண்டபப் பொறுப்பாளர் மர்கரீத் தமிழில் இருந்த ஏழாம் பக்கத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, அறிவித்தல் பலகையில் குத்தினாள். தரை துடைத்து ஈரமாக இருந்தது. ஓரத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, அந்த வளையம் எவ்வளவு உயரம் என்று கேட்டேன். இருபத்தொரு வருடத்தில் அற்புதராணியிடம் நான் கேட்காத கேள்வி.

மர்கரீத் சொன்னாள்: மூன்று மீற்றர் ஐந்து சென்ரிமீற்றர். கல்லூரிக்காரருக்கும் அதுதான், தொழில்முறைக்காரருக்கும் அதுதான், இங்கேயும் அதுதான்.