ரெண்டு கையும் வேணும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. திண்டிவனத்தில் எங்கள் வீட்டு உள்ளறையிலிருந்து என் மனைவி கலைப்பிரியா, "ஏங்க, செட்டு போட வாங்க" என்று கூப்பிட்டாள். "கதை ஒண்ணு வந்துக்கினு இருக்குது, இரும்மா" என்றேன். ஒரு கதையும் வரவில்லை. சொன்ன வாய்க்காக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

[செட் என்பது இன்சுலின் பம்ப்பிலிருந்து உடம்புக்குள் மருந்து கொண்டுபோகும் மெல்லிய குழாய். மூன்று நாளைக்கு ஒருமுறை புது இடத்தில் ஊசியால் செருக வேண்டும். ஆறு வருடமாக அவளே வயிற்றில் செருகிக்கொண்டாள். வயிறு தடித்துவிட்டது, கொஞ்ச நாள் இடுப்புக்குப் பின்னால் போடுங்கள் என்று விழுப்புரத்து டாக்டர் சொல்லிவிட்டார். அங்கே அவள் கை எட்டாது. என் கை எட்டும். அதுதான் பிரச்சினை.]

2

முதல் தொடக்கம்: 'சுப்பராயலு ஊசியைக் கண்டு ஓடுகிற ஆளில்லை. விழுப்புரம் பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்ற ஒரு நிமிடத்தில், மனைவியின் இடுப்பில் செட்டை ஒரே அழுத்தாக'

பின்னால் வந்து நின்று படித்துவிட்டாள்.

"எந்த எடத்துல குத்துறாரு உங்க சுப்பராயலு?"

"இடுப்புலதான்."

"பாவாட நாடா இறுக்குற எடத்துலயா? விழுப்புரம் போறதுக்குள்ள கழண்டுக்கினு வந்துடும். ஆறு வருஷமா பாத்துக்கினுதான இருந்தீங்க?"

பார்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டேன். அவளிடம் இதைச் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

"பழசக் கழட்டிட்டேன். உள்ள மருந்து போகல. சுகர் எரநூத்திப் பன்னண்டு. ஏழே முக்காலுக்கு எனக்கு பஸ்ஸு."

3

சுப்பராயலுவை எனக்கே நம்ப முடியவில்லை. வேறு முடிவுகளைப் பார்ப்போம்.

பக்கத்து வீட்டு செண்பகம் வந்து போட்டுவிடுகிறாள். (செண்பகம் ஓமந்தூர் போயிருக்கிறாள். போன் பண்ணிப் பார்த்துவிட்டேன்.)

சுப்பராயலு மயங்கி விழுகிறான். மனைவி பஸ்ஸை நிறுத்தச் சொல்லி அவனுக்கு சோடா வாங்கித் தருகிறாள். நடப்பது இதுதான் என்று தோன்றுகிறது, ஆனாலும் ஒரு கதாநாயகனை

"எரநூத்தி நாப்பது" என்கிறாள் உள்ளேயிருந்து. குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. நான் ஒரு வரியை அடித்துத் திருத்துகிற நேரத்தில் அவள் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

4

வந்துவிட்டேன். ஸ்பிரிட் தடவி, குழாயில் மருந்தை நிரப்பி, எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு குப்புறப் படுத்திருக்கிறாள். நோட்டைக் கட்டில் ஓரத்தில் வைத்து எழுதுகிறேன்.

"இன்னமும் எழுதிக்கினா இருக்கீங்க? ரெண்டு கையும் வேணும். ஒரு கையில தோலப் பிடிங்க, ஒரு கையில அமுக்குங்க. மூணு எண்ணுங்க, மூணுல அமுக்கணும். கண்ண மூடாதீங்க."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆறு வருடமாகத் தெரிந்திருக்கிறது.

பேனாவைக் கீழே வைக்கப் போகிறேன். வாய் வறண்டுவிட்டது, எண்ண வராது. இரண்டு வரை எழுதி வைக்கிறேன். மிச்சத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும், சத்தமாக. யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள், அவளுக்கு பஸ் இருக்கிறது.

ஒன்று.

இரண்டு.