லீவனின் இடக் கன்னம்

என் கணவர் யோஸ்ட் செதுக்கும் படங்களில் எல்லாரும் இடக்கைக்காரர்கள். செப்புத் தகட்டில் செதுக்குவது தாளில் இடம் வலமாக மாறித்தான் விழும். முன்கூட்டியே மாற்றிச் செதுக்க அவருக்குப் பொறுமை கிடையாது. “உங்க வீட்டுக்காரர் கண்ணுக்கு வலது கையே தெரியாதா, மைக்கன்?” என்று ஆன்ட்வெர்ப் சந்தையில் என்னைக் கிண்டல் செய்வார்கள்.

அச்சான தாள்களுக்கு வண்ணம் தீட்டுவது என் வேலை. இன்று வந்தது, போன ஆகஸ்டில் தேவாலயச் சிலைகளை உடைத்த கூட்டத்தின் படம். என் தம்பி லீவனும் அதில் இருந்தவன். இப்போது துறைமுகத்தில் வேறு பெயரில் மூட்டை தூக்குகிறான். தேடும் சிப்பாய்களுக்கு அவன் முகம் தெரியாது.

“முகமெல்லாம் சும்மா கற்பனைதான்” என்றார் யோஸ்ட்.

சுத்தியல்கள் வழக்கம்போல இடக்கைகளில் இருந்தன. முன்னால் நின்றவனின் கன்னத்தில் மட்டும் லீவனின் தீத்தழும்பு. அதுவும் மாறி விழாமல், அவனுக்கு இருப்பதுபோலவே சரியாக இடக் கன்னத்தில் இருந்தது.

“இத மட்டும் மாத்திச் செதுக்க எப்படிங்க பொறுமை வந்துச்சு?”

அவர் தலை நிமிரவில்லை. “எங்கம்மா தெனமும் மெழுகுவத்தி ஏத்துன மாதாவ உடைச்சான்ல.”

தூரிகையைக் கறுப்பில் தோய்த்து அந்தத் தழும்பின் மேல் தாடி வரைந்தேன்.

“வரைஞ்சுக்கோ. வண்ணம் பூசாத நூறு தாள் காலையிலயே கோட்டையில இருக்குற சிப்பாய்ங்களுக்குப் போயிடுச்சு.”

துறைமுகத்துக்கு ஓடினேன். என்னைப் பார்த்ததும் லீவன் எப்போதும்போல “மாமா நல்லா இருக்காரா?” என்றுதான் முதலில் கேட்பான்.